எந்த வரி?

தெகிவளை வாசகர் ஒருவரின் கேள்வி, 2024 பெப்ரவரி 12

"நாங்கள் எட்டுப் பேர். மாதம் ஒரு முறை கூடி, கல்வெட்டும் பழைய இலக்கியமும் வாசிப்பதென்று தொடங்கினோம். நாலாவது கூட்டத்தில் இரண்டு பேர் முகம் பார்த்துக் கதைப்பதை நிறுத்தினார்கள். ஐந்தாவதற்கு மூன்று பேர்தான் வந்தோம். பேச்சு விஷயத்தை விட்டு ஓடாமலும், ஆளை ஆள் கடிக்காமலும் இருக்க என்ன விதி எழுதி வைக்கலாம்? நீங்கள் வெள்ளவத்தையில் பத்து வருடமாக ஒரு வட்டம் நடத்துவதாகக் கேள்விப்பட்டேன்."

பெப்ரவரி 12, இரவு 10.40

விதி எழுத வேண்டாம். எழுதினால் அடுத்த கூட்டம் முழுக்க அந்த விதியைப் பற்றியே கதைப்பீர்கள். எங்களுக்கு அப்படித்தான் நடந்தது. மரியாதைக் குறைவு என்றால் என்ன என்று வரையறுக்கப் புறப்பட்டு, இரண்டரை மணித்தியாலம் கழித்து இரண்டு பேர் மரியாதைக் குறைவாகவே எழுந்து போனார்கள்.

ஒன்று செய்யுங்கள். எதை வாசிக்கிறீர்களோ அதை மேசையில் வையுங்கள். ஆளுக்கொரு போட்டோக்கொப்பி, ஓரத்தில் வரி எண். யார் எதைச் சொன்னாலும் மற்றவர்கள் கேட்க வேண்டியது இரண்டே சொல்: எந்த வரி?

"தமிழன் கடலை ஆண்டவன்" என்று ஒருவர் முழங்கத் தொடங்குவார். எந்த வரி? கொப்பியைப் புரட்டுவார், கண்ணாடியைத் தேடுவார், அதற்குள் குரல் பாதியாக இறங்கிவிடும். சில வேளை வரி உண்மையிலேயே இருக்கும். அன்றைக்கு எல்லாருக்கும் நல்ல காலம்.

பெப்ரவரி 13, காலை

பத்து வருடம் இல்லை. 2017இல் தொடங்கினோம். கொரோனாவில் ஒன்றரை வருடம் கூடவில்லை. 2022இல் பெற்றோல் வரிசைக் காலத்தில், நடந்து வரக்கூடிய நாலு பேர் மட்டும் வந்தோம். உண்மையைச் சொன்னால் அந்த நாலு பேர்க் கூட்டங்கள்தான் திறமானவை. கரண்ட் இல்லாத பின்னேரங்களில் ஒரு மெழுகுதிரிக்கு ஒரு கொப்பி என்று தலையை முட்டிக்கொண்டு வாசித்தால் சண்டை பிடிக்க இடமும் இல்லை.

பெப்ரவரி 16

"எந்த வரி" எங்கிருந்து வந்தது என்று தெகிவளைக்காரர் கேட்டிருக்கிறார். காலிக் கல்லிலிருந்து.

கொழும்பு நூதனசாலையில் நிற்கிற மும்மொழிக் கல்வெட்டைத்தான் சொல்கிறேன். 1409ஆம் ஆண்டுத் தேதி இட்டது. மிங் அரசர் யொங்லேயின் பெயரால் சீனாவில் வெட்டி, சீனக் கடற்படைத் தளபதி செங் ஹவின் கப்பல்களில் வந்த கல். சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழி. சீனப் பகுதி புத்தரைப் போற்றுகிறது, பாரசீகப் பகுதி இஸ்லாத்தை, தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனாரை. காணிக்கைப் பட்டியல் ஏறத்தாழ ஒன்றுதான். பொன் 1000, வெள்ளி 5000 என்று தொடங்கும். ஒரே பரிசை மூன்று வாசலில் வைத்து, மூன்று வீட்டுக்காரரிடமும் "உங்களுக்குத்தான்" என்று சொன்ன கெட்டிக்காரத்தனம். 1911இல் காலியில் ஒரு பொறியாளர் கண்டெடுத்தபோது மதகு ஒன்றுக்கு மூடியாகக் கிடந்தது.

எங்கள் மூன்றாவது கூட்டத்துக்கு இதை எடுத்தோம். தெனாவரை என்பது மாத்தறைக்கு அப்பால் தெவிநுவர. நாங்கள் தேவேந்திரமுனை என்போம். அங்கிருந்த பெருங்கோயிலை 1588இல் போர்த்துக்கேயர் இடித்துவிட்டார்கள். ஆகவே நாயனார் யாரென்று போய்ப் பார்த்துத் தீர்க்க வழியில்லை. விஷ்ணு என்பது பரவலான கருத்து. எங்கள் மாஸ்டர், யாழ்ப்பாணத்தில் முப்பது வருடம் தமிழ் படிப்பித்தவர், சிவன் என்றார்; தொண்டீச்சரம் என்ற சிவன் கோயில் அங்கேதான் என்றார். கணக்காய்வாளராக இருந்து ஓய்வுபெற்ற ஐயா விஷ்ணுவை விடவில்லை. இன்னொருவர் உபுல்வன் என்றார். உபுல்வனும் விஷ்ணுவும் ஒன்றென்றுதானே சிங்களச் சனம் கும்பிடுகிறது என்றதற்கு, தொல்லியலாளர் பரணவிதான உபுல்வனை வருணன் என்று நிறுவ 1953இல் தனி நூலே எழுதியிருக்கிறாரே என்று பதில் வந்தது. ஒரு பெயருக்கு நாலு தெய்வம். நல்ல விவாதம், இதற்காகத்தானே கூடுகிறோம்.

அப்புறம் யாரோ, யாரென்று நினைவில்லை, "சீனனே நம்முடைய தெய்வத்தைத்தான் கும்பிட்டிருக்கிறான்" என்றார். அவ்வளவுதான். 1409இல் நின்ற பேச்சு பத்து நிமிடத்தில் சிங்களம் மட்டும் சட்டம் வந்த 1956க்கு வந்தது, இன்னும் ஐந்து நிமிடத்தில் 1983 கலவரம். மாஸ்டர் மேசையில் அடித்தார், பிளேன்டீ கவிழ்ந்தது. கணக்காய்வாளர் ஐயா "உமக்குக் கல்வெட்டும் தெரியாது, கணக்கும் தெரியாது" என்றார். கணக்கு எங்கிருந்து வந்ததென்று இன்றுவரை விளங்கவில்லை.

மருதானையிலிருந்து வருகிற எங்கள் முஸ்லிம் நண்பர், நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர், அதுவரை வாய் திறக்கவில்லை. கொப்பியைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, மேலிருந்து கீழே விரலால் தடவிக்கொண்டு போனார். பிறகு, கேலியே இல்லாத குரலில், "இதெல்லாம் எந்த வரில ஈக்குது?" என்று கேட்டார்.

ஒருவரும் பதில் சொல்லவில்லை. எல்லாரும் குனிந்து கொப்பியைப் பார்த்தோம். என்னுடையதில் தேநீர் தமிழ்ப் பகுதியின் நடுவில் ஒரு தீவு மாதிரிப் பரவியிருந்தது. அதை இன்னும் வைத்திருக்கிறேன்.

பெப்ரவரி 17

சொல்ல மறந்தது. கூடுகிற வீடு கடற்கரைப் பக்க ஒழுங்கையில், தண்டவாளத்துக்கு மிகக் கிட்ட, மேல்மாடியில். கோச்சி வந்தால் வாயை மூட வேண்டும், கத்தினாலும் கேட்காது. ஒரு நாள் மாஸ்டர் எழுந்து நின்று, "நீங்கள் ஒரு..." என்றார், பாணந்துறைக் கோச்சி வந்தது. போய் முடிந்ததும் "என்ன சொல்ல வந்தீர்கள்?" என்று ஐயா கேட்டார். "மறந்துபோச்சு" என்று மாஸ்டர் உட்கார்ந்தார். மறக்கவில்லை என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும், ஐயாவுக்கும் தெரியும்.

தெகிவளையிலும் தண்டவாளம் இருக்கிறதே. யோசியுங்கள்.

பெப்ரவரி 25

இந்தக் கிழமை யோசித்ததில், மேலே எழுதியதில் பாதி விஷயம்தான் இருக்கிறது என்று படுகிறது. "எந்த வரி" பேச்சை விஷயத்தில் கட்டி வைக்கும். மரியாதை வேறு கதை. கொப்பியைப் பார்த்தபடியே, வரி எண்ணைச் சொல்லியபடியே ஒருவரை நார் நாராகக் கிழிக்கலாம். நான் அளுத்கடை நீதிமன்றப் பக்கம் இருபத்தாறு வருடம் உரைபெயர்ப்பாளராக நின்றவள். விஷயத்தை ஓர் அங்குலம் விலகாமல் ஆளைக் கொல்லுகிற குறுக்கு விசாரணைகளை மூன்று மொழியிலும் கேட்டிருக்கிறேன்.

எங்கள் வட்டத்தில் மரியாதைப் பிரச்சினை ஒரு சொல்லில் வந்தது: நீர்.

யாழ்ப்பாணத்தாருக்கு நீர் என்பது நீக்கும் நீங்களுக்கும் நடுவே ஒரு கதிரை. வயதில் இளையவரை, கூட வேலை செய்பவரை, மனைவியைக் கூட அப்படிக் கூப்பிடலாம். அதில் ஓர் உரிமை இருக்கிறது. மாஸ்டர் எங்கள் மலையகத்து ஹற்றன் தம்பியைப் பார்த்து "நீர் சொல்லும் பாப்பம்" என்பார். மனதில் பாசம்தான். தம்பி மூன்று கூட்டம் பொறுத்திருந்து, ஒரு நாள் படியிறங்கும்போது என்னிடம் கேட்டார்: "அக்கா, எங்க பக்கம் சேர்ச்சில கர்த்தரைத்தான் நீர்னு கூப்பிடுவாங்க. சேர் என்னைய நீர்ங்கிறாரு. கிண்டல் பண்றாரா?"

நான் படியிலேயே உட்கார்ந்து சிரித்தேன். பிறகு சிரித்தது சரியில்லை என்று பட்டது. அவர் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு வயது, ஊர் எதுவும் பாராமல் எல்லாரும் எல்லாருக்கும் நீங்கள் என்று வைத்தோம். இதில் மாஸ்டர்தான் திண்டாடினார். "எனக்கு மனிசியோட கோவம் வந்தாத்தான் நீங்கள் எண்டு வரும்" என்றார். ஆக, அவர் தம்பியை நீங்கள் என்னும்போதெல்லாம் உள்ளுக்குள் கொஞ்சம் கோபிப்பது போல இருந்ததாம். பழக ஒரு வருடம் எடுத்தது.

மார்ச் 3

"விதி எழுத வேண்டாம் என்று எழுதிப்போட்டு, பிறகு எல்லாரும் நீங்கள் என்று வைத்தோம் என்கிறாய். அது என்ன?" என்று கணக்காய்வாளர் ஐயா தொலைபேசியில் கேட்டார். கணக்காய்வாளர் அல்லவா, இரண்டு பத்தியையும் ஒத்துப் பார்த்திருக்கிறார்.

சரி. விதி இருக்கிறது. எழுதி ஒட்டவில்லை, அவ்வளவுதான். ஒவ்வொன்றும் ஒரு சண்டைக்குப் பிறகு வந்தது, சண்டைக்கு முன் எழுதியது ஒன்றுமில்லை. அதைத்தான் சொல்ல நினைத்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொன்னார். "சீனனே நம்முடைய தெய்வத்தை" என்று சொன்னது யாரென்று நினைவில்லை என்று எழுதியிருந்தேனே. "பிள்ளை, அது நீதான்" என்றார்.

அவர் மட்டும் என்னை நீ என்பார். அது வேறு கணக்கு.

மார்ச் 4

நானேதான். இரவு முழுக்க யோசித்துப் பார்த்தேன். அந்தத் தேநீர்க் கொப்பியின் பின்பக்கம் என் கையெழுத்தில் "சீனன் கும்பிட்டது → ந. தெய்வம்" என்று இருக்கிறது.

மார்ச் 11

நேற்றுக் கூட்டம். காலிக் கல்லையே மறுபடி எடுத்தோம், புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக.

மறுத்துச் சொல்வது எப்படி என்று தெகிவளைக்காரர் கேட்டதற்கு இதை எழுதுகிறேன். பழைய உரையாசிரியர்களிடம் ஒரு நல்ல பழக்கம் உண்டு. "நீ பிழை" என்பதில்லை, "என்றும் பாடம்" என்பார்கள். ஒரு சுவடியில் இப்படி, இன்னொன்றில் அப்படி. இரண்டு பாடம் இருக்கலாம், அதற்காக இரண்டு பகைவர் இருக்க வேண்டியதில்லை. இன்னொரு வாய்பாடு "என்பாரும் உளர்". மறுக்கப்போகிற கருத்தைச் சொல்லி, சொன்னவரின் பெயரை விட்டுவிடுவது. தொல்காப்பியத்துக்கு உரை எழுதிய சேனாவரையர், தனக்கு முந்திய உரைகாரர் இளம்பூரணரை இடத்துக்கு இடம் மறுக்கிறார். "உரையாசிரியர்" என்று பட்டம் கொடுத்தே மறுக்கிறார்.

இதைப் பார்த்து நாங்களும் தொடங்கினோம். "இது சிவன் என்பாரும் உளர்." "பொன் ஆயிரம் என்பது கழஞ்சு என்ற எடையில் என்பாரும் உளர்." இரண்டு மாதம் அழகாகப் போனது. மூன்றாவது மாதம் அது பகிடியாகிவிட்டது. யாராவது ஒரு விசர்க்கதை சொன்னால் மூலையிலிருந்து ஒருவர் மெல்ல "என்பாரும் உளர்" என்பார், எல்லாரும் வெடித்துச் சிரிப்பார்கள். பெயர் சொல்லாமல் மறுப்பதற்கு வந்த சொல், பெயர் சொல்லாமல் அடிப்பதற்கு ஆனது. நேற்று அதை நிறுத்தினோம். மரியாதைச் சொல்லுக்கும் ஆயுள் இருக்கிறது போல. தேய்ந்தால் மாற்ற வேண்டும்.

மார்ச் 24, போயா தினம், மழைக் குணம்

தெகிவளைக்காரர் மறுபடி எழுதியிருக்கிறார். அவர்களின் சண்டையும் 1983இல் போய்த்தான் முட்டியதாம். "விஷயத்துக்கு வெளியே" என்று அவர் வாயை அடைத்ததும் ஓர் அக்கா எழுந்து போய்விட்டாராம்.

இதில் எனக்கும் காயம் உண்டு. எங்கள் வட்டத்தில் ஒருவருடைய வீடு அந்த ஆடியில் எரிந்தது, நாங்கள் கூடுகிற இடத்திலிருந்து நாலு ஒழுங்கை தள்ளி. காலிக் கல் பேச்சில் அந்த வருடம் வந்தால் எனக்கு அது விலகல். அவருக்கு, கல்லில் தமிழ் இருக்கிறது என்பதே அந்த வருடத்தோடு சேர்ந்த செய்தி. "இது நம் விஷயமில்லை" என்று அவரிடம் எந்த முகத்தோடு சொல்வது?

நாங்கள் கண்டது வராந்தா. கூட்டம் முடிந்த பிறகு கடல் பக்க வராந்தாவில் இரண்டாவது பிளேன்டீ. மேசையில் பிதுங்கி வருகிற எதையும் "இது வராந்தாவுக்கு" என்று ஒரு தாளில் குறித்துக்கொள்வோம். பிழை என்றோ வேண்டாத கதை என்றோ சொல்வதில்லை, இடம் மாற்றுகிறோம். ஆனால் ஒரு நிபந்தனை: குறித்ததை உண்மையிலேயே வராந்தாவில் எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் அது குப்பைக்கூடைக்கு வைத்த நல்ல பெயர், அவ்வளவுதான். அந்த வீட்டுக்காரர் மேசையில் பேசியதை விட வராந்தாவில்தான் அதிகம் பேசியிருக்கிறார். எரிந்துபோன தன் அப்பாவின் புத்தகங்களை அலுமாரித் தட்டு வரிசைப்படி சொல்வார். ஒரு நாள் மேல்தட்டு, இன்னொரு நாள் இரண்டாவது தட்டு. மாஸ்டர் அதை ஒரு கொப்பியில் எழுதி வைக்கிறார்.

பற்றிஸையும் ரோல்ஸையும் வராந்தாவுக்கு மாற்றியது தனிப் புத்தி. மேசையில் வைத்தால் கொப்பியில் எண்ணெய், வராந்தாவில் வைத்தால் ஆட்கள் வீட்டுக்கு ஓட மாட்டார்கள்.

ஏப்ரல் 14

புத்தாண்டு, கூட்டம் இல்லை. கொக்கிஸ் சாப்பிட்டுக்கொண்டு மணிமேகலையைப் புரட்டினேன். விழாவறை காதையில் முரசறைகிறவன் சொல்வது:

ஒட்டிய சமயத் துறுபொருள் வாதிகள்
பட்டிமண் டபத்துப் பாங்கறிந் தேறுமின்
பற்றா மாக்கள் தம்முட னாயினும்
செற்றமும் கலாமும் செய்யா தகலுமின்

வாதம் செய்கிறவர்கள் மண்டபத்தில் முறை அறிந்து ஏறுங்கள். பகைவரோடு என்றாலும் சினமும் சச்சரவும் செய்யாமல் விலகுங்கள். புகாரில் இந்திர விழாவுக்கு மணலும் பந்தலும் போடச் சொல்கிற அதே அறிவிப்பில் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்திருக்கிறது. அப்போதும் மேசையில் அடித்திருக்கிறார்கள்.

இதே சொல்லில் இருந்து வந்ததுதானே இன்றைய பட்டிமன்றம். பண்டிகைக்குப் பண்டிகை தொலைக்காட்சியில் பார்த்து வளர்ந்தவர்கள் வட்டத்துக்கு வந்தால் முதல் மூன்று மாதம் ஒவ்வொரு வசனத்துக்குப் பிறகும் கொஞ்சம் நிறுத்துவார்கள். கைதட்டலுக்கு. எங்கள் வீட்டில் கோச்சிதான் தட்டும்.

ஏப்ரல் 15

"அகலுமின்" என்பதை மாஸ்டர் வேறு மாதிரி வாசிக்கிறார். சண்டை வரும்போல இருந்தால் எழுந்து போ என்று அதிலேயே இருக்கிறது, ஆகவே இடையில் எழுந்து போகிறவரை முறைத்துப் பார்க்கக் கூடாது என்கிறார். அவர் ஆறு வருடத்தில் ஐந்து தரம் எழுந்து போனவர் என்பதையும் சேர்த்து வாசியுங்கள். ஆனால் அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. போனவர் அடுத்த மாதம் வந்தால் "ஏன் போனீர்கள்" என்று ஒருவரும் கேட்பதில்லை. கொப்பியை எடுத்துக் கொடுப்போம்.

மே 13

எழுதத் தயங்கிய ஒன்று.

நேற்றுக் கூட்டத்துக்கு ஹற்றன் தம்பி வரவில்லை. காரணம் எனக்குத் தெரியும்.

மார்ச் கூட்டத்தைப் பற்றி எழுதியபோது "என்பாரும் உளர்" கதையைச் சொல்லிவிட்டு மற்றதை விட்டுவிட்டேன். அன்று காலிக் கல்லில் தெனாவரை நாயனாரைச் சுற்றி ஒரு மணித்தியாலம் போனது. தம்பி கை உயர்த்தினார். அவர் வீதி வேலை பார்க்கிற தொழில்நுட்ப உத்தியோகத்தர். "மதகு மேல மூடியா போட்டப்ப எழுத்துப் பக்கம் மேலயா இருந்திச்சு, கீழயா? பாரசீகப் பகுதிதான் கூடத் தேஞ்சிருக்குன்னு சொல்றீங்க. அது வெட்டினதுல உள்ள குறையா, தண்ணி பட்டதா, வண்டி போனதா?" என்று கேட்டார்.

நான் சொன்னேன்: "தம்பி, எந்த வரி?"

எல்லாரும் சிரித்தார்கள். அவர் கொப்பியைப் பார்த்தார். "வரி இல்லைங்க அக்கா" என்று சொல்லி, கொப்பியை இரண்டாக மடித்து, சட்டைப் பையில் வைத்தார். யாரோ "வராந்தாவுக்கு" என்று குறித்தார்கள். வராந்தாவில் அன்று மழைச் சாரல், யாரும் நிற்கவில்லை.

வரி எப்படி இருக்கும்? அவர் கேட்டது வரிகளைத் தாங்குகிற கல்லைப் பற்றி. நாங்கள் மூன்று மணித்தியாலம் பேசியதில் அதை விட விஷயத்துக்குள் இருந்த கேள்வி வேறில்லை. கல்லைக் கண்டெடுத்ததே ஒரு பொறியாளர்தான். மதகைப் பார்க்கத் தெரிந்தவரின் கண்ணில் பட்டதால்தான் எங்களுக்கு வரி என்று ஒன்று வாசிக்கக் கிடைத்தது. நானா அன்றைக்குக் கேட்டபோது அது தெரியாதவர் கேட்கிற கேள்வியாக இருந்தது. நான் கேட்டபோது கதவைச் சாத்துகிற சத்தமாக இருந்தது. சொல் ஒன்றுதான்.

தெகிவளைக்காரருக்கு முதல் நாள் நான் எழுதியதை அழிக்கவில்லை. ஆனால் யார் வாயில், யாரைப் பார்த்து என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மே 14

தொலைபேசி எடுத்தேன். "வேலைங்க அக்கா, கொஞ்சம் பிஸி" என்றார். நல்ல பிள்ளைகள் சொல்கிற பொய். மார்ச் மாதம் நான் சொன்னது பிழை, எல்லாருக்கும் முன்னால் சொன்னேன், எல்லாருக்கும் முன்னாலேயே பிழை என்று சொல்ல இடம் வேண்டும், வாருங்கள் என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "கல்ல நேர்ல பாக்கலாமா?" என்றார்.

ஜூன் 2

நேற்று நூதனசாலைக்குப் போனோம், ஒன்பது பேர். தென்மேற்குப் பருவம் கொட்டியது. த்ரீவீலில் வந்தவர்களும் நனைந்தே வந்தார்கள்.

கல் என் உயரத்துக்குக் கிட்ட. மேலே இரண்டு டிராகன் முகத்துக்கு முகம், ஓரம் முழுக்கப் பூவேலை. வலப்பக்கம் சீனம், இடப்பக்கம் மேலே தமிழ், கீழே பாரசீகம். முதலில் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். நீட்டவில்லை. தம்பி தரையைப் பார்த்துக்கொண்டு "பரவாயில்லைங்க" என்றார்.

பிறகு அவர் குந்தினார். கைபேசி வெளிச்சத்தை நேரே பிடிக்காமல், கல்லோடு கல்லாகப் பக்கத்திலிருந்து சாய்த்துப் பிடித்தார். தார் போட்ட வீதியில் பள்ளம் மேடு பார்ப்பது இப்படித்தானாம். எழுத்தின் ஓரங்களில் நிழல் விழுந்தது. அதுவரை சாம்பல் நிறமாகத் தெரிந்த பரப்பில் தமிழ் எழுத்துகள் ஒவ்வொன்றாக எழும்பின. நான் இந்தக் கல்லை ஐந்து தரமாவது பார்த்திருக்கிறேன். இப்படிப் பார்த்ததில்லை. காவலாளி ஓடி வந்து சிங்களத்தில் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். நானா பதில் சொன்னார். அவரும் நின்றார், கொஞ்ச நேரத்தில் அவரே குந்தினார்.

பாரசீகப் பகுதிக்கு வந்ததும் நானா தனக்குத் தெரிந்த எழுத்துகளைத் தேடினார், தம்பி வெளிச்சத்தை அங்குலம் அங்குலமாக நகர்த்தினார். எழுத்து மேலேயா கீழேயா என்று மாஸ்டர் கேட்டார். தம்பி நெடுநேரம் பார்த்துவிட்டு, "இத மட்டும் வச்சுச் சொல்ல ஏலாதுங்க சேர்" என்றார்.

ஆறு வருடத்தில் எங்கள் மேசையில் ஒருவரும் அந்த வசனத்தைச் சொன்னதாக நினைவில்லை. என்னையும் சேர்த்துத்தான்.

ஜூன் 10

ஐயாவின் யோசனை: "எந்த வரி" வேண்டாம், "எங்கே, காட்டுங்கோ" என்று கேட்போம். வரி இருந்தால் வரி, கல் இருந்தால் கல். மாஸ்டருக்குப் பிடிக்கவில்லை, பொலிஸ் கேட்பது போல இருக்கிறதாம். முடிவாகவில்லை.

நேற்று வேறொன்று செய்து பார்த்தோம். நீதிமன்றத்தில் உரைபெயர்ப்பாளர் "இவர் கண்டதாகச் சொல்கிறார்" என்று சொல்லக் கூடாது. சாட்சி "நான் கண்டேன்" என்றால் நானும் "நான் கண்டேன்" என்றுதான் சொல்ல வேண்டும். கொலைகாரன் பேசினாலும் நான்தான். முதல் வருடம் எனக்கு நாக்குக் கூசியது. பிறகு பழகியது, அதோடு ஒன்று விளங்கியது: "அவர் சொல்கிறார்" என்னும்போது குரலில் ஒரு நெளிவைச் சேர்த்துவிடலாம், "நான்" என்னும்போது முடியாது.

ஆகவே ஐயாவை, "நாயனார் சிவன் என்று நான் சொல்கிறேன், ஏனென்றால்..." என்று மாஸ்டருடைய கட்சியைச் சொல்ல வைத்தோம். முதலில் முகத்தைச் சுளித்தார். பிறகு கணக்காய்வாளர் புத்தி வேலை செய்தது. ஆதாரங்களை ஒன்று, இரண்டு என்று அடுக்கினார். மாஸ்டர் மறந்துபோன ஒன்றையும் எடுத்துக் கொடுத்தார். "நான் கூட இவ்வளவு நல்லாச் சொல்லேல்லை" என்றார் மாஸ்டர். அடுத்து மாஸ்டர் விஷ்ணு. பாதியில் நின்று, தண்ணீர் குடித்து, "எனக்கு இது வருகுதில்லை" என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை.

நம் ஆட்களுக்கு இது புதிதில்லை. சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில் மற்ற மதங்களை எடுக்கிற பரபக்கம் முதலில், தன் மதத்தைச் சொல்கிற சுபக்கம் பிறகு. மற்றவன் மதத்தை அவன் வாயால் சொல்லி முடித்துவிட்டுத்தான் மறுப்பு. மறுப்பில் மரியாதை எவ்வளவு என்று கேட்காதீர்கள்.

ஜூலை 12

தெகிவளை வட்டம் மறுபடி கூடியதாம், ஐந்து பேர். அந்த அக்கா வந்தாராம். வராந்தா இல்லாத வீடு, படிக்கட்டில் உட்கார்ந்தார்களாம்.

எங்களுக்கு நாளன்றைக்கு நயினாதீவுத் தமிழ்க் கல்வெட்டு, முதலாம் பராக்கிரமபாகுவுடையது. யானையும் குதிரையும் கொண்டுவந்த கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. சரக்குக் கப்பல் உடைந்தால் சரிபாதி. ஏன் இந்த வித்தியாசம் என்று ஐயா இப்போதே தொலைபேசியில் தொடங்கிவிட்டார். குதிரை அரசனுக்கு வேண்டியது, கொண்டுவருகிறவனைப் பயப்படுத்தக் கூடாது என்பது அவர் வாசிப்பு. உடைந்த கப்பலில் குதிரை நீந்திக் கரைசேரும், சரக்கு சேராது என்கிறார் தம்பி. எந்த வரி என்று கேட்க வாய் வந்தது.

கொப்பி பதினாலு எடுத்தேன். கதிரை பன்னிரண்டுதான் இருக்கிறது. கீழ்வீட்டில் இரண்டு கேட்க வேண்டும்.